முத்திரை குத்திய கை: அரிஸ்திடிஸ் டி சூசா மென்டஸ்

அரசாங்கத்தின் சுற்றறிக்கையை மீறினார் என்பதற்காகத் தண்டிக்கப்பட்ட ஓர் உத்தியோகத்தரின் வாழ்க்கையை இன்று எமது வாசகர்கள் முன் வைக்கிறோம். அவர் போர்க்களம் கண்டவரல்லர், மேடையேறி முழங்கியவரல்லர், சிறைக்கும் போகவில்லை. அவர் செய்ததெல்லாம் கடவுச்சீட்டுகளில் முத்திரை குத்திக் கையொப்பமிட்டதுதான். அந்த முத்திரையின் பெறுமதியை எமது வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. தூதரக வாசல்களில் விடியுமுன்னரே வரிசையில் நின்றவர்களும், மேசைக்கு அப்பால் அமர்ந்திருப்பவரின் முகக்குறியைக் கொண்டே தமது தலைவிதியைக் கணிக்கக் கற்றுக்கொண்டவர்களும் எம்மிடையே நிறையவே உளர்.

அவரது பெயர் அரிஸ்திடிஸ் டி சூசா மென்டஸ். போர்த்துக்கல் நாட்டவர். போர்த்துக்கேயர் என்றதும், 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றியவர்களும் எமது கோயில்களை இடித்தவர்களுமே நினைவுக்கு வருவது இயல்பு. அதே நாட்டில் தோன்றிய இன்னொரு வகை மனிதரையும் எம்மவர் அறிந்திருத்தல் நன்று.

விசேயு நகருக்கு அண்மையிலுள்ள கபானஸ் டி விரியாத்தோ என்னும் கிராமத்தில் 1885ஆம் ஆண்டு யூலை 19ஆம் திகதி அவர் பிறந்தார். தந்தையார் நீதிபதி. நிலபுலமும் பழம்பெருமையும் கத்தோலிக்க பக்தியும் நிறைந்த குடும்பம். இவரும் இவரோடு இரட்டையராகப் பிறந்த சேசாரும் கொயிம்பிரா பல்கலைக்கழகத்தில் ஒன்றாகச் சட்டம் பயின்று, 1910இல் வெளிநாட்டுச் சேவையில் சேர்ந்தனர். சேசார் விரைவாக உயர்ந்தார். 1932இல் சிறிது காலம் வெளிவிவகார அமைச்சராகவும் இருந்தார். அரிஸ்திடிஸோ கொன்சல் எனப்படும் துணைத்தூதராகவே சன்சிபார், பிரேசில், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ, பெல்ஜியத்தின் அன்ட்வேர்ப் என்று ஊர் ஊராகச் சென்றுகொண்டிருந்தார்.

உறவுப் பெண்ணாகிய ஆஞ்சலீனாவை மணந்த அவருக்குப் பிள்ளைகள் 14 பேர். அத்தனை பேரையும் ஏற்றிச் செல்லச் சாதாரணக் கார் போதாதென்று, பெல்ஜியத்தில் இருந்தபோது தனியாக ஒரு பெரிய வாகனத்தைச் செய்வித்தார். அங்கேயே கிறிஸ்து அரசரின் பெரிய சிலையொன்றையும் செய்வித்துத் தமது கிராமத்துக்கு அனுப்பி, வீட்டுக்கு அருகே நிறுவினார். இசையும் விருந்தும் அவருக்குப் பிடித்தமானவை. வரவை மீறிச் செலவு செய்யும் சுபாவமும் இருந்தது. அதனால் மேலிடத்தின் கண்டனத்துக்கும் ஆளாகியிருந்தார். கலகக்காரர் என்று எவரும் அவரைக் குறிப்பிட்டிருக்க மாட்டார்கள். பழைய மரபில் ஊறிய, முடியாட்சியிடம் மனச்சாய்வுடைய, ஆட்சியாளர் சலசாரைப் போலவே கத்தோலிக்கரான ஒரு கனவான். அவ்வளவுதான்.

1938இல் தென்மேற்குப் பிரான்சின் துறைமுக நகராகிய போர்தோவுக்கு அவர் மாற்றப்பட்டார். அடுத்த ஆண்டு செப்ரெம்பரில் உலகப் போர் மூண்டது. போர்த்துக்கல் நடுநிலை வகித்தது. 1939 நவம்பர் 11ஆம் திகதி லிஸ்பனிலிருந்து எல்லாக் கொன்சல்களுக்கும் 14ஆம் இலக்கச் சுற்றறிக்கை அனுப்பப்பட்டது. நாடற்றவர்கள், எந்த நாட்டவர் என்பதில் ஐயத்துக்கிடமானவர்கள், நான்சன் கடவுச்சீட்டு எனப்பட்ட அகதிப் பத்திரம் வைத்திருப்போர், ரஷ்யர்கள், தமது நாடுகளிலிருந்து வெளியேற்றப்பட்ட யூதர்கள், சொந்த நாட்டுக்குத் தடையின்றித் திரும்ப இயலாதவர்கள் ஆகியோருக்கு லிஸ்பனின் முன்னனுமதியின்றி விசா வழங்கலாகாது என்பதே அதன் சாரம்.

இந்தப் பட்டியலைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். விசா எவருக்கு மிக அவசரமாகத் தேவைப்பட்டதோ அவர்களையே தெரிந்தெடுத்து அது விலக்கி வைத்தது. கொடூரமான சொல் ஒன்றும் அதில் இல்லை. முன்னனுமதி பெறுக என்றுதான் சொன்னது. அந்த அனுமதியைக் கோரித் தந்தி அடித்து, பதில் வரும்வரை காத்திருக்கும் நாட்களில் என்ன நடக்கும் என்பதைச் சுற்றறிக்கைகள் எழுதுவதில்லை.

சூசா மென்டஸ் அந்த விதியை அப்போதே இரு தடவைகள் மீறினார். அம்மாதமே ஓர் ஒஸ்திரிய யூத அறிஞருக்கும், 1940 மார்ச்சில் ஸ்பானிய உள்நாட்டுப் போரில் தோற்ற தரப்பைச் சேர்ந்த வைத்தியர் ஒருவருக்கும் விசா வழங்கினார். லிஸ்பன் விளக்கம் கேட்டு எச்சரித்தது. எனவே, ஒரே இரவில் மனம் மாறிய மனிதர் என்று அவரைச் சித்திரிப்பது முழு உண்மையாகாது. தெரிந்த ஒருவருக்கு, பரிதாபத்துக்குரிய இன்னொருவருக்கு என்று விதியை மெல்ல வளைத்துக் கொடுக்கும் இரக்கம் அவரிடம் முன்பே இருந்தது. அவ்வாறான இரக்கம் உலகின் எல்லா அலுவலகங்களிலும் சிறிதளவு உண்டு. விதி விதியாகவே இருக்கும். ஒன்றிரண்டு பேர் தப்புவர். கொடுத்தவரும் நிம்மதியாக உறங்குவார்.

1940 மே 10ஆம் திகதி ஜேர்மன் படைகள் பெல்ஜியத்துக்குள்ளும் ஒல்லாந்துக்குள்ளும் பிரான்சுக்குள்ளும் பாய்ந்தன. யூன் 14இல் பாரிஸ் வீழ்ந்தது. பிரெஞ்சு அரசாங்கமே போர்தோவுக்கு ஓடிவந்தது. வீதிகளெல்லாம் தெற்கு நோக்கிய மனித வெள்ளம். கைவண்டிகளிலும் துவிச்சக்கர வண்டிகளிலும் மெத்தை கட்டிய கார்களிலும் இலட்சக்கணக்கானோர் வந்து சேர்ந்தனர். பின்னால் எதிரி, முன்னால் கடல், தெற்கே ஸ்பெயின். ஸ்பெயின் தனது மண்ணில் எவரையும் தங்கவிட விரும்பவில்லை. போர்த்துக்கல் செல்லும் விசா இருந்தால் மாத்திரம் ஊடாகச் செல்ல அனுமதிக்கும். லிஸ்பன் துறைமுகத்திலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பல்கள் புறப்பட்டுக்கொண்டிருந்தன. ஆகவே இத்தனை மக்களின் உயிரும் கரோன் ஆற்றங்கரையில், 14ஆம் இலக்க வீட்டிலிருந்த போர்த்துக்கல் கொன்சல் அலுவலகத்தில் வந்து தொங்கியது.

அந்தக் கூட்டத்தில் ஹாயிம் குரூகர் என்னும் யூத மதகுருவும் இருந்தார். போலந்தில் பிறந்து பெல்ஜியத்தில் பணியாற்றியவர். மனைவியோடும் சிறு பிள்ளைகளோடும் ஓடிவந்தவர். யூத ஆலயத்துக்கு அருகே அவரைச் சந்தித்த சூசா மென்டஸ் தமது இருப்பிடத்துக்கே அவர்களை அழைத்துச் சென்று தங்க வைத்தார். குரூகருக்கும் குடும்பத்துக்கும் விசா பெற முயல்வதாக வாக்களித்தார். யூன் 13ஆம் திகதி லிஸ்பனுக்கு விண்ணப்பமும் அனுப்பினார். அது நிராகரிக்கப்பட்டது. ஆயினும் தாமாகவே அவர்களுக்கு விசா தருவதாகக் கூறினார்.

குரூகர் அதை ஏற்க மறுத்துவிட்டார். வெளியே வீதியில் படுத்திருக்கும் தம் மக்கள் அனைவருக்கும் கிடைத்தாலன்றித் தமக்கு மட்டும் வேண்டாம் என்று உரைத்தார்.

சூசா மென்டஸின் துணிவைப் பற்றிப் பேசுவோர் பலர். குரூகரின் துணிவைப் பற்றிப் பேசுவோர் சிலரே. எமக்கோ இதுவே இவ்வரலாற்றின் உயிர்நாடியாகத் தோன்றுகிறது. நாடில்லை, பணமில்லை, பத்திரமில்லை. பிள்ளைகள் பசித்திருக்கின்றனர். நாஜிகள் சில நாட் தொலைவில் நிற்கின்றனர். திறந்த கதவு ஒன்று அவர் முன்னால் இருக்கிறது. அந்த நிலையில் ஒருவர் வேண்டாம் என்று சொல்வாரா? சொல்லாதவரைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. நாமும் எமது பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்திருப்போம். ஆனால் குரூகர் சொன்னார். அந்த ஒரு சொல்லினால், ஒன்றிரண்டு பேருக்குச் சலுகை காட்டிவிட்டு மனச்சாட்சியை அமைதிப்படுத்தும் வழி கொன்சலுக்கு அடைபட்டுப் போயிற்று. ஒன்றில் அனைவருக்கும்; அன்றேல் எவருக்கும் இல்லை. அகதி என்பவர் கையேந்தி நிற்பவர் மாத்திரமே என்று எண்ணுவோர் இந்த நிகழ்ச்சியை நினைத்துப் பார்க்கட்டும்.

சூசா மென்டஸ் படுக்கையில் விழுந்தார். ஏறத்தாழ மூன்று நாட்கள் அவர் எழவில்லை. வியர்த்துக் கொட்டப் புரண்டுகொண்டும் முனகிக்கொண்டும் கிடந்தார் என்று அப்போது அங்கிருந்த அவரது சகோதரரின் மகன் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். அவருக்கு அப்போது வயது 54. முப்பது ஆண்டு உத்தியோகம், ஓய்வூதியம், பிள்ளைகளின் எதிர்காலம் எல்லாம் ஒரு பக்கம். போதாக்குறைக்கு, பிரெஞ்சுப் பெண் ஒருவருடன் அவருக்கு ஏற்பட்ட தொடர்பினால் அப்பெண் கருவுற்றிருந்தார். அதுவும் அந்த நாட்களிலேயே வெளிப்பட்டு வீட்டைக் கலக்கியது. இதை மறைத்து எழுதுவோரும் உளர். நாம் மறைக்க விரும்பவில்லை. பக்திமானாகிய அவர் தமது சமயத்தின் கட்டளையொன்றைத் தாமே மீறியவராகத்தான் அந்தக் கட்டிலில் கிடந்தார். மாசற்றவர்கள்தாம் பிறரைக் காக்க வேண்டும் என்றிருந்தால் போர்தோவில் எவருமே தப்பியிருக்க முடியாது.

படுக்கையிலிருந்து எழுந்த அவர் முகஞ்சவரம் செய்து, குளித்து, உடுத்திக்கொண்டு அலுவலக அறைக்குள் வந்தார். இனிமேல் இனம், சமயம், நாடு என்ற பேதமின்றிக் கேட்டவர் அனைவருக்கும் விசா வழங்கப்படும் என்று அறிவித்தார். இறைவனின் கட்டளைக்கு எதிராக மனிதரோடு நிற்பதிலும், மனிதரின் கட்டளைக்கு எதிராக இறைவனோடு நிற்பதே தமக்கு ஏற்றது என்ற கருத்தை அவர் வெளியிட்டதாக அவரது குடும்பத்தார் கூறியுள்ளனர். அது யூன் 17ஆம் திகதி. போர்நிறுத்தம் கோருவதாக மார்ஷல் பெத்தான் வானொலியில் பிரெஞ்சு மக்களுக்கு அறிவித்ததும் அதே நாள்தான்.

பின்னர் நடந்தது ஒருவகைக் கைத்தொழில் என்றே சொல்ல வேண்டும். கொன்சல் மேசையில் அமர்ந்தார். செயலாளர் செயாப்ரா தயக்கத்தோடு முத்திரை குத்தினார். புதல்வர்கள் உதவினர். குரூகர் கூட்டத்தினுள் சென்று கடவுச்சீட்டுகளைக் கட்டுக்கட்டாகச் சேகரித்து வந்து, ஒப்பமிட்டபின் திருப்பிக் கொடுத்தார். ஆஞ்சலீனா அம்மையார் வீட்டிலிருந்த முதியோரையும் நோயாளிகளையும் கவனித்தார். படிக்கட்டுகளிலும் தரைவிரிப்புகளிலும் கதிரைகளிலும் மக்கள் உறங்கினர். (கதிரை என்ற சொல்லே போர்த்துக்கேயர் எமக்கு விட்டுச்சென்றதுதான்.) இடத்தை இழந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் உணவுக்குக்கூட எழாதவர்களும் இருந்தனர். முதலில் பெயர்களைப் பதிவேட்டில் எழுதினர். நேரம் போதாமற் போகவே அதையும் கைவிட்டனர். கட்டணம் வாங்குவதும் நின்றது. நீண்ட கையொப்பம் குறுகி, மென்டஸ் என்ற ஒரு சொல்லாயிற்று.

அரச குடும்பத்தவரும் அந்த வரிசைக்கு வந்தனர். ஒஸ்திரியாவின் கடைசிப் பேரரசரின் மகன் ஒட்டோ ஹப்ஸ்பேர்க்கின் சார்பில் 19 கடவுச்சீட்டுகள் கொண்டுவரப்பட்டன. பின்னாளில் குறும்புக் குரங்கு ஜோர்ஜ் கதைகளால் உலகச் சிறுவர்களை மகிழ்வித்த ரே தம்பதியரும் அந்த முத்திரையோடு வெளியேறியவர்களே. பெயர் தெரியாத தையற்காரருக்கும் அதே மேசை, அதே முத்திரைதான்.

எல்லோரும் மகிழ்ந்தனர் என்பதுமில்லை. அலுவலக நேரத்துக்குப் பின்னர் கூடுதற் கட்டணம் அறவிடப்படுகிறதென்று லிஸ்பனிலிருந்த பிரித்தானியத் தூதரகம் யூன் 20ஆம் திகதி முறைப்பாடு செய்தது. உலகமே இடிந்து விழும்போதும் முறைப்பாடு எழுத எவருக்காவது நேரம் கிடைக்கத்தான் செய்கிறது.

அங்கிருந்து எல்லைக்கு அண்மையிலுள்ள பயோன் நகருக்கு அவர் சென்றார். அங்கிருந்த கொன்சல் சுற்றறிக்கையைச் சிரமேற்கொண்டு விசா மறுத்துக்கொண்டிருந்தார். தாமே அவரது மேலதிகாரி என்று கூறி, அங்கும் முத்திரை குத்தும்படி சூசா மென்டஸ் பணித்தார். அந்தக் கொன்சல் பணிந்தார். கூடவே ஸ்பெயினிலிருந்த போர்த்துக்கல் தூதுவருக்கு அறிவித்தும் விட்டார். விரைந்து வந்த தூதுவர் பெத்ரோ தியோத்தோனியோ பெரெய்ரா, சூசா மென்டஸ் சித்தசுவாதீனம் இழந்தவர் போற் காணப்படுவதாக லிஸ்பனுக்கு எழுதினார். அவர் வழங்கிய விசாக்கள் செல்லாதவை என்று ஸ்பானிய அதிகாரிகளுக்கும் தெரிவித்தார். இவர்களைக் கொடியவர்கள் என்று நாம் சொல்ல மாட்டோம். வழக்கமான உத்தியோகத்தர்கள். எல்லோரும் பணிந்து நடக்கும் இடத்தில் ஒருவர் பணியாதிருந்தால், அவருக்குப் பைத்தியம் என்று எண்ணுவது மனித இயல்பு. அப்படி எண்ணினால்தான் மற்றவர்களுக்குத் தம்மைப் பற்றி ஐயம் எழாது.

எல்லை ஊராகிய ஒன்டேயில் வீதியில் நின்றபடியே அவர் ஒப்பமிட்டார். எல்லை மூடப்படத் தொடங்கியது. தொலைபேசி வசதியற்ற சிறிய சோதனைச்சாவடியொன்றுக்குத் தமது காரை முன்னே விட்டு, அகதிகளின் வாகனங்களைப் பின்னே வரச்செய்து, காவலர்களுக்குப் புதிய உத்தரவு எட்டுமுன்னரே அவர்களைக் கடத்திவிட்டார் என்று கூறப்படுகிறது. யூன் 24ஆம் திகதி, உடனே நாடு திரும்புமாறு லிஸ்பன் கட்டளையிட்டது. அம்மாத முடிவுக்குள் ஜேர்மன் படையினர் ஒன்டேயை வந்தடைந்தனர்.

லிஸ்பனில் ஒழுக்காற்று விசாரணை நடந்தது. அவர் எழுத்தில் அளித்த பதிலில் குற்றத்தை மறுக்கவில்லை; அம்மக்களின் துயரம் வர்ணிக்க இயலாதது என்றும், அவர்களைக் காப்பதே தமது நோக்கம் என்றும் கூறினார். விசாரணைச் சபை பதவியிறக்கத்தைச் சிபாரிசு செய்தது. சலசாருக்கு அது போதவில்லை. ஓராண்டு பணியின்றி அரைச் சம்பளம், அதன்பின் கட்டாய ஓய்வு என்று 1940 ஒக்ரோபர் 30இல் அவர் தீர்ப்பளித்தார்.

சுட்டுக் கொன்றிருந்தால் மாவீரர் ஆகியிருப்பார். இந்தத் தண்டனை மெதுவானது. நண்பர்கள் வீதியைக் கடந்து அப்பால் நடந்தனர். கடன் ஏறியது. கபானஸில் இருந்த பெரிய வீட்டின் தளபாடங்கள் ஒவ்வொன்றாக விலைபோயின. லிஸ்பனில் யூத சமூகத்தினர் அகதிகளுக்காக நடத்திய இலவச உணவுச்சாலையில் அவரது குடும்பம் உண்ண நேர்ந்தது. தோற்றத்தைக் கண்டு, இது அகதிகளுக்கான இடமென்று அங்கிருந்தவர் கூறியபோது, தாங்களும் அகதிகளே என்று அவர் பதிலளித்தாராம். பிள்ளைகள் பலர் அமெரிக்கா, கனடா, ஆபிரிக்கா என்று சிதறினர். கலிபோர்னியாவிற் பிறந்தமையால் அமெரிக்கப் பிரசைகளாயிருந்த புதல்வர் இருவர் அந்நாட்டுப் படையிற் சேர்ந்தனர்.

போர் முடிந்ததும் அகதிகளுக்கு இடங்கொடுத்த நாடென்று போர்த்துக்கல் புகழப்பட்டது. அந்தப் புகழைச் சலசாரின் அரசாங்கம் கூச்சமின்றி ஏற்றுக்கொண்டது. அதே 1945இல் சூசா மென்டஸ் பக்கவாதத்தால் தாக்குண்டார். தேசிய சபைக்கு அனுப்பிய முறையீட்டுக்கும் பதிலில்லை. 1948இல் ஆஞ்சலீனா இறந்தார். அடுத்த ஆண்டில் அந்தப் பிரெஞ்சுப் பெண்ணை அவர் மணந்தார். அதனால் பிள்ளைகளோடும் மனக்கசப்பு வளர்ந்தது. 1954 ஏப்ரல் 3ஆம் திகதி லிஸ்பனிலுள்ள பிரான்சிஸ்கன் துறவிகளின் மருத்துவமனையில் காலமானார். தகுந்த உடையில்லாமையால் துறவியின் அங்கியை உடுத்தி அடக்கம் செய்தார்கள் என்பர்.

காப்பாற்றப்பட்டோரில் அநேகர் அவரது பெயரைக்கூட அறிந்திருக்கவில்லை. கடவுச்சீட்டில் ஒரு கிறுக்கல். அவ்வளவே அவர்கள் கண்டது. புதிய நாட்டில் வேலையும் வீடும் தேடும் அவசரத்தில் யார்தான் பழைய முத்திரையைப் புரட்டிப் பார்ப்பர்? தந்தையாரின் பெயரை மீட்பதற்கு அவரது மக்களே ஊர் ஊராகக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. குரூகர் சாட்சியமளித்தார். 1966இல் இஸ்ரேலின் யாத் வஷேம் நிறுவனம், யூதர்களைக் காத்த பிற இனத்தவர் வரிசையில் அவரைச் சேர்த்தது. போர்த்துக்கலில் 1974ஆம் ஆண்டுப் புரட்சி சர்வாதிகாரத்தை வீழ்த்திய பின்னரும் அவரது கோப்பு உறங்கியது. 1987இல் ஜனாதிபதி மாரியோ சுவாரெஸ் அவருக்கு விருதளித்துக் குடும்பத்தாரிடம் மன்னிப்பும் கோரினார். 1988இல் நாடாளுமன்றம் குற்றச்சாட்டுகளை ஏகமனதாக நீக்கி, இறந்தவரைத் தூதுவர் தரத்துக்கு உயர்த்தியது.

எத்தனை பேரைக் காத்தார் என்ற கேள்வி இன்றும் ஓயவில்லை. 30,000 என்று பலகாலமாக எழுதப்பட்டு வந்தது. பதிவேட்டை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் அவ்ரஹாம் மில்கிராம், 1940 சனவரி முதல் யூன் 22 வரை போர்தோவிற் பதியப்பட்டவை 2,862 விசாக்களே என்றும், அவற்றுள் 1,575 கடைசிப் பன்னிரண்டு நாட்களுக்குரியவை என்றும் காட்டினார். பதிவேடு கைவிடப்பட்டதையும், பயோனிலும் ஒன்டேயிலும் வழங்கியவை அதில் இல்லாமையையும், ஒரே விசாவில் முழுக் குடும்பமும் சென்றதையும் மறுதரப்பினர் எடுத்துக்காட்டுவர். உண்மை இரண்டுக்கும் இடையில் எங்கோ இருக்கலாம். பெரிய எண்ணைக் குறைத்தால் அவரது பெருமை குறைந்துவிடும் என்று அஞ்சுவது எமக்கு விளங்கவில்லை. விதியை மீறிய அந்தக் காலை வேளையில் தாம் எத்தனை பேருக்கு ஒப்பமிடப்போகிறோம் என்பது அவருக்கே தெரியாது.

2021 ஒக்ரோபர் 19ஆம் திகதி லிஸ்பனிலுள்ள தேசிய நினைவாலயத்தில் அவருக்கு நினைவுக்கல் வைக்கப்பட்டது. உடல் சொந்தக் கிராமத்திலேயே இருக்கிறது. கடனுக்குப் போய், கூரை இடிந்து, பல்லாண்டு பாழடைந்து கிடந்த அந்த வீடு திருத்தியமைக்கப்பட்டு, 2024 யூலையில் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அவர் பெல்ஜியத்திலிருந்து கொண்டுவந்த கிறிஸ்து அரசரின் சிலை அதன் அருகே நிற்கிறது.